காசு கடந்த பாதை – 9: பென்னியின் பின்பக்கம்

என் மேசைமேல் ஓர் அரைக்காசு கிடக்கிறது. பேச்சுக்குச் சொல்கிற அரைக்காசு அல்ல. வட்டமான வெள்ளிக் காசொன்றை நேர் நடுவில் வெட்டியதில் ஒரு பாதி. எடை முக்கால் கிராம்கூட இல்லை. இங்கிலாந்தை மூன்றாம் ஹென்றி ஆண்ட காலத்தில், 1247-க்குப் பிறகு அச்சானது. ஒரு பக்கத்தில் அரசரின் முகம் சாய்வாக அறுபட்டு நிற்கிறது: ஒரு கண், காதோரம் சுருண்ட முடி, கிரீடத்தின் ஓரம். திருப்பினால், நடுவிலிருந்து விளிம்பு வரை ஓடும் இரட்டைக்கோட்டுச் சிலுவையின் கை ஒன்று. அதன் இரு புறமும் மும்மூன்று புள்ளிகள். ஓரத்தில் ஆறு ரோமன் எழுத்துகள். ‘நிகோலே’ என்று படிக்கலாம்.

நிகோலே அரசர் பெயர் அல்ல. அந்தக் காசை அச்சிடும் பொறுப்பை ஏற்ற கம்மட்டக்காரரின் பெயர். நிகோலஸ் என்பதன் அன்றைய வடிவம் அது. முழுக்காசில் அவர் பெயரை அடுத்து ஊர்ப் பெயர் இருந்திருக்கும். அது மற்றப் பாதியோடு போய்விட்டது. லண்டனிலும் ஒரு நிகோலே இருந்தார். கேன்டர்பரியிலும் ஒரு நிகோலே இருந்தார். என்னிடம் இருப்பவர் எந்த ஊர்க்காரர்?

காசைக் கையில் எடுத்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் அரசரின் தலைமேல்தான் விழும். இங்கிலாந்தின் பழைய வெள்ளிப் பென்னிகளோடு பழகியவர்கள் உடனே திருப்பிப் பார்ப்பார்கள். ‘இந்தக் காசுக்கு யார் பொறுப்பு?’ என்ற கேள்விக்கான பதில் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பதில் காலத்துக்குக் காலம் எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதுதான் இந்த இதழின் கதை.

240 காசு சேர்ந்தால் ஒரு பவுன்

மெர்சியாவின் அரசர் ஆஃபா (757–796), கடலுக்கு அப்பாலிருந்த பிராங்கியரின் அகன்ற, மெல்லிய வெள்ளிக் காசைப் பார்த்துத் தன் நாட்டிலும் அதேபோல் அச்சிட்டதைச் சென்ற இதழில் கண்டோம். அதுதான் பென்னி. அதன்பின் ஏறக்குறைய 500 ஆண்டுகள் இங்கிலாந்துச் சந்தையில் புழங்கிய காசு நடைமுறையில் அது ஒன்றுதான். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று கணக்குப் புத்தகத்தில் எழுதினார்கள். ஷில்லிங் என்றோ பவுண்டு என்றோ கையில் பிடிக்க ஒரு காசும் கிடையாது. பவுண்டு என்றால் 240 வெள்ளிப் பென்னிகளின் எடை. பல நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பவுண்டின் மதிப்புக்கு ‘சாவரின்’ என்ற தங்கக் காசு வந்தது. அதன் எடை 8 கிராமுக்குச் சற்றே குறைவு. நம் நகைக்கடைகளில் இன்றும் ‘எத்தனை பவுன்?’, ‘சவரன் என்ன விலை?’ என்று கேட்கிறோமே, அந்த இரண்டு சொற்களும் இந்தக் காசுக் குடும்பத்திலிருந்து வந்தவையே.

ஒரே ஒரு வகைக் காசுதான் என்றால் சில்லறைக்கு எங்கே போவது? வெட்டினார்கள். பென்னியை இரண்டாக வெட்டினால் அரை, நான்காக வெட்டினால் கால். ‘பார்த்திங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளே நாலில் ஒன்று என்பதுதான். கால் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்பார்கள் நம்மூரில். அந்தக் கால் காசு இங்கிலாந்தில் உண்மையாகவே ஒரு காசின் நாலில் ஒரு துண்டாக இருந்தது. இதில் கள்ளத்தனம் ஏதுமில்லை, ஊரறிந்த வழக்கம்.

வின்செஸ்டரில் ஒரு கிறிஸ்துமஸ்

ஏறத்தாழ 973-இல் அரசர் எட்கர் ஒரு பெரிய சீர்திருத்தம் செய்தார். நாடெங்கும் ஒரே வடிவத்தில் காசு. தலைப்பக்கத்தில் அரசரின் உருவமும் பெயரும். பின்பக்கத்தில் கம்மட்டக்காரரின் பெயரும் ஊரும். பின்னர் இரண்டுக்கும் இடையில் ‘ஆன்’ என்றொரு சிறு சொல் வழக்கமானது. பழைய ஆங்கிலத்தில் ‘இந்த ஊரில்’ என்று பொருள். அரசரின் பெயர் லத்தீனில் இருக்க, பின்பக்கத்தில் மட்டும் நாட்டு மொழிச் சொல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது.

கம்மட்டக்காரரின் பெயரைப் பொறித்தது அவரைப் பெருமைப்படுத்த அல்ல. வெள்ளியில் மாற்று குறைந்தால், எடை குறைந்தால், யாரைப் பிடித்து இழுத்து வர வேண்டும் என்பது காசிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பதற்காக. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்த அதிகாரியும் ஒரு காசைத் திருப்பிப் பார்த்து ஒரு மனிதரின் வாசலுக்குப் போய் நிற்கலாம்.

அப்படிப் போய் நின்ற நாளும் வந்தது. முதலாம் ஹென்றியின் ஆட்சியில் காசின் தரம் சரிந்தது. சந்தைக்கு ஒரு பவுண்டு கொண்டுபோனவரால் 12 பென்னிக்குக்கூடப் பொருள் வாங்க முடியவில்லை என்று பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிவைத்த ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. நார்மண்டியில் போரிட்ட வீரர்கள் தங்களுக்குக் கொடுத்த கூலியில் வெள்ளியைவிட வெள்ளீயமே மிகுதி என்று முறையிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. 1124 கிறிஸ்துமஸுக்கு நாட்டின் கம்மட்டக்காரர்கள் வின்செஸ்டருக்கு அழைக்கப்பட்டார்கள். சாலிஸ்பரி ஆயர் ரோஜர் அழைத்தார். வந்தவர்களை ஒவ்வொருவராகத் தனியே கொண்டுபோய் வலக்கையையும் ஆண்மையையும் அறுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் திருநாளுக்குள், அதாவது 1125 ஜனவரி முதல் வாரத்துக்குள், எல்லாம் முடிந்தது.

அந்தக் காலத்துக் காசு ஒன்று கையில் கிடைத்தால் விளிம்பைக் கவனியுங்கள். ஹென்றியின் நடு ஆண்டுகளில் அச்சான பல பென்னிகளில் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். மேலே வெள்ளிப் பூச்சும் உள்ளே செம்புமாக வந்த கள்ளக்காசுகளுக்கு அஞ்சி மக்கள் எதையும் வாங்க மறுத்தார்கள். உள்ளே இருப்பதும் வெள்ளிதான் என்று காட்ட ஒவ்வொரு காசையும் சற்று வெட்டியே வெளியிடும்படி அரசர் ஆணையிட்டார். இன்று அந்த வெட்டைக் கண்டு ‘பழுதான காசு’ என்று ஒதுக்குபவர் அந்தக் காசின் முக்கியமான வரியைப் படிக்காமல் விடுகிறார்.

அச்சும் சுத்தியலும்

சுத்தியலால் அடித்த காசு என்று சொல்லிவிட்டு, அதை எப்படி அடித்தார்கள் என்று சொல்லாமல் போக முடியாது. அடையாளம் காணும் வித்தை முழுதும் அந்தப் பட்டறையில்தான் தொடங்குகிறது.

ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு. உருக்கிப் பாளமாக்கி, தட்டித் தகடாக்கி, கத்தரியால் வட்ட வில்லைகளாக வெட்டுவார்கள். எடை மிகுந்தால் ஓரத்தைச் சற்றுக் கத்தரிப்பார்கள். நெருப்பில் காட்டி இளக்கி, புளிப்பான கரைசலில் கொதிக்கவைத்து வெளுப்பார்கள். நம் ஆசாரிகள் வெள்ளியைப் புளித்தண்ணீரில் வெளுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மேலே படிந்த செம்புக் கறை கரைந்துபோய் வெள்ளி பளிச்சென்று தெரியும்.

இனி அச்சு. அடி அச்சின் கீழ்நுனி கூராக இருக்கும். அதைக் கனத்த மரக்கட்டையில் அறைந்து நிறுத்துவார்கள். அரசரின் முகம் பெரும்பாலும் அதில்தான். அதன்மேல் வில்லையை வைத்து, பின்பக்க உருவம் செதுக்கிய மேல் அச்சை ஒரு கையால் பிடித்து, மறு கையால் சுத்தியலை ஓங்கி அடிப்பார்கள். அடி முழுவதையும் மேல் அச்சே வாங்குவதால் அது சீக்கிரம் தேயும். அதனால் ஓர் அடி அச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேல் அச்சுகளைச் செய்து கொடுப்பார்கள். ஒரே முகம் வெவ்வேறு பின்பக்கங்களோடு ஜோடி சேர்ந்து வருவதன் காரணம் இதுதான். மேல் அச்சைக் கையில் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அடிக்கலாம் என்பதால் தலைக்கும் சிலுவைக்கும் நிலையான திசை கிடையாது. என் அரைக்காசில் சிலுவையைப் பார்த்து நேராக வெட்டியும் அரசரின் முகம் சாய்வாக அறுபட்டது அதனால்தான்.

எழுத்துகளையும் கையால் வரைந்து செதுக்கவில்லை. ஆப்பு வடிவில் ஒரு சிறு உளி, பிறை வடிவில் ஒரு சிறு உளி, இப்படிச் சில வடிவங்களை அச்சின் இரும்பில் பதித்துப் பதித்தே எழுத்துகளை உருவாக்கினார்கள். இரண்டு பிறை சேர்ந்தால் ஓர் எழுத்து, மூன்று ஆப்பு சேர்ந்தால் இன்னோர் எழுத்து. உளியின் முனை ஓரிடத்தில் உடைந்துவிட்டால், அதற்குப் பிறகு பதித்த எழுத்துகளிலெல்லாம் அந்த உடைசல் தெரியும். எந்தக் காசு முன்னது, எந்தக் காசு பின்னது என்று பிற்கால ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தியது இப்படிப்பட்ட உடைசல்களைப் பின்தொடர்ந்துதான்.

நான்கு அரசர்கள், ஒரே பெயர்

இரண்டாம் ஹென்றி 1158-இல் வெளியிட்ட புதுக்காசில் வெள்ளி நன்றாக இருந்தது. அச்சு மிக மோசமாக இருந்தது. வில்லை வட்டமாக இல்லை, அடி நடுவில் விழவில்லை, பாதி எழுத்துகள் பதியவே இல்லை. 1807-இல் லிங்கன்ஷயரின் டீல்பி என்ற ஊரருகே இத்தகைய காசுகள் 5,000-க்கு மேல் ஒரே புதையலாகக் கிடைத்ததால் அந்த வகைக்கே டீல்பி என்று பெயர். அந்தப் புதையலின் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள் என்பதை எழுதும்போது மனம் வலிக்கிறது. மிஞ்சியவற்றில் கம்மட்டக்காரரின் பெயரை முழுதாகப் படிக்கக் கிடைப்பது அரிது. பெயர் படிக்க முடியாத காசில் பொறுப்பாளியும் இல்லை.

1180-இல் பிரான்ஸின் தூர் நகரத்திலிருந்து பிலிப் ஏமர் என்பவரை வரவழைத்துப் புதுக்காசு அடித்தார்கள். பின்பக்கத்தில் குட்டையான இரட்டைக்கோட்டுச் சிலுவை. நான்கு இடுக்கிலும் நந்நான்கு புள்ளி சேர்ந்த சிறு பூ. அதைச் சுற்றி ஒரு மணிவட்டம். வட்டத்துக்கு வெளியே பெயரும் ஊரும். ‘குறுஞ்சிலுவைப் பென்னி’ என்று நாம் அழைக்கலாம். தலைப்பக்கத்தில் ‘ஹென்ரிகஸ் ரெக்ஸ்’, அதாவது ஹென்றி மன்னர்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் இந்த இடத்தில் கட்டாயம் தடுக்கி விழுவார். இந்தக் காசு 67 ஆண்டுகள் ஓடியது. 1189-இல் ஹென்றி இறந்து, சிங்கநெஞ்சன் என்று பெயரெடுத்த ரிச்சர்ட் வந்தார். காசில் பெயர் மாறவில்லை. 1199-இல் ஜான் வந்தார். அப்போதும் மாறவில்லை. 1216-இல் ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி வந்தபோது பெயர் தானாகவே பொருந்திக்கொண்டது! ரிச்சர்டின் பெயர் தாங்கிய பென்னி இங்கிலாந்தில் அடிக்கப்படவே இல்லை. ஜானின் பெயரைப் பார்க்க வேண்டுமானால் அவர் அயர்லாந்தில் வெளியிட்ட காசைத் தேட வேண்டும். சந்தையில் நம்பிக்கை பெற்றுவிட்ட ஒரு முகத்தை மாற்ற யாருக்கும் துணிவு வரவில்லை.

அப்படியானால் எந்த அரசரின் காலத்துக் காசு என்று எப்படிச் சொல்வது? முடியையும் முத்தையும் எண்ணித்தான். தொடக்கக் காலக் காசில் கிரீடத்தில் ஐந்து முத்துகள்; முகத்தின் ஒரு பக்கம் இரண்டு சுருள், மறு பக்கம் ஐந்து சுருள். ரிச்சர்டின் ஆண்டுகளில் வேலைப்பாடு கரடுமுரடாகிறது. 1205-இல் ஜான் காசைச் சீர்செய்தபோது முகம் மறுபடி தெளிவாகிறது. முடிச் சுருளுக்குள் ஒரு புள்ளி குடியேறுகிறது. அந்தச் சீர்திருத்தத்தின் முதல் அச்சுகளில் ‘ஹென்ரிகஸ்’ என்பதன் கடைசி எழுத்து இடவலம் மாறித் திரும்பி நிற்கிறது. லாரன்ஸ் என்ற ஆய்வாளர் இவற்றையெல்லாம் எட்டு வகுப்புகளாகப் பிரித்து வைத்தார். கம்மட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலும் கைகொடுக்கும். இன்னார் இந்த ஆண்டுகளில்தான் பணியில் இருந்தார் என்று அரசு ஆவணங்களில் பதிவு இருந்தால், காசுக்கும் அந்த ஆண்டுதான்.

ஊர்ப் பெயர்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அன்று ஆட்சியாளர் பேசியது நார்மன் பிரெஞ்சு. அதனால் யார்க் ‘எவர்விக்’ ஆனது. லிங்கன் நகரம் ‘நிகோலே’ ஆனது. ஆம், என் அரைக்காசின் அதே ஆறு எழுத்துகள்! ‘ஆன்’ என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் அது ஆள். பின்னால் வந்தால் அது ஊர். ஒரு சிறு சொல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்து மனிதரையும் மாநகரையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

விளிம்பைத் தொட்ட சிலுவை

குறுஞ்சிலுவைக்கு ஒரு பலவீனம் இருந்தது. சிலுவை உள்வட்டத்தோடு நின்றுவிடும். விளிம்பைச் சுற்றிக் கத்தரியால் சுரண்டி எடுத்தாலும் நடுவிலுள்ள உருவம் முழுதாகவே தெரியும். நூறு காசில் காசுக்குக் கொஞ்சம் சுரண்டினால் சில காசுக்கான வெள்ளி சேர்ந்துவிடும். 1240-களில் புழக்கத்திலிருந்த காசுகள் எழுத்துகளே பாதி போகுமளவுக்குச் சிறுத்துவிட்டன.

1247-இல் விடை வந்தது. சிலுவையின் நான்கு கைகளையும் காசின் விளிம்பு வரை நீட்டினார்கள். நான்கு நுனியும் தெரியாத காசு முழுக்காசு அல்ல. படிக்கத் தெரியாத கறிகாய்க்காரியும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். அத்தோடு, நீண்ட இரட்டைக்கோடு வெட்டுவதற்கு வழிகாட்டும் கோடாகவும் ஆனது. எழுத்துகள் நான்கு கூறாகப் பிரிந்தன: ‘நிக்’, ‘ஓலே’, ‘ஆன் ல்’, ‘உண்ட்’ என்று கூறுக்கு மூன்று எழுத்து. அரையாக வெட்டினால் ஆறு எழுத்து. காலாக வெட்டினால் மூன்றே எழுத்து.

இன்னொரு புதுமையும் இதில் உண்டு. ‘மூன்றாவது’ என்ற எண்ணைத் தன் காசில் பொறித்த முதல் ஆங்கில அரசர் மூன்றாம் ஹென்றிதான். இந்த நெடுஞ்சிலுவைக் காசில் அரசர் கையில் செங்கோல் இல்லையென்றால் முற்பட்டது, செங்கோல் இருந்தால் பிற்பட்டது என்பது அடையாளம் காண்பவர் மனத்தில் வைக்க வேண்டிய முதல் விதி. 1272-இல் ஹென்றி இறந்த பிறகும் மகன் எட்வர்ட் ஏழு ஆண்டுகள் தந்தையின் பெயரிலேயே காசை அடித்துக்கொண்டிருந்தார்.

1278 நவம்பர்

நீண்ட சிலுவை சுரண்டலைக் காட்டிக்கொடுத்தது; நிறுத்தவில்லை. 1270-களில் காசு மறுபடி மெலிந்தது. இம்முறை அரசு காசின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. ஒரு சமூகத்தின் பக்கம் கை நீட்டியது.

1278 நவம்பரில் இங்கிலாந்தெங்கும் யூதக் குடும்பத் தலைவர்களைக் காசு சுரண்டிய குற்றச்சாட்டில் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். 600-க்கும் மேற்பட்டோர் சிறையிலடைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டில் 250-க்கும் மேற்பட்ட யூதர்கள் லண்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே குற்றத்துக்குப் பிடிபட்ட கிறிஸ்தவப் பொற்கொல்லர்களில் தூக்குமேடைக்குப் போனவர்கள் மிகச் சிலரே. குற்றம் செய்தவர் இரு தரப்பிலும் இருந்திருக்கலாம். தண்டனை எந்தத் தரப்பின்மேல் விழுந்தது என்பதை எண்ணிக்கை சொல்கிறது. 1290-இல் யூதர்கள் எல்லோரும் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள்.

நெடுஞ்சிலுவைக் காசைக் கண்ணாடி வைத்து ரசிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். சுரண்டப்பட்ட ஒரு காசைப் பார்த்து ‘யார் செய்தது?’ என்று சொல்லும் அடையாளம் எதுவும் அதில் கிடையாது. அடித்தவரின் பெயர் உண்டு. அரித்தவரின் பெயர் இல்லை. சான்று இல்லாத இடத்தில் வெறுப்பு தீர்ப்பு எழுதியது. காசின் வரலாற்றை எழுதுபவர் அச்சின் அழகை மட்டும் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போகக் கூடாது.

பெயர் போனது, பெட்டி வந்தது

1279-இல் எட்வர்ட் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். மார்சேயைச் சேர்ந்த வில்லியம் டர்ன்மயர் கம்மட்டத் தலைவரானார். பென்னியோடு வட்டமான அரைக்காசும் கால்காசும் அச்சாகி வந்ததால் வெட்டிப் பயன்படுத்தும் வழக்கம் மறைந்தது. சிலுவை இப்போது ஒற்றைத் தண்டு. இடுக்குகளில் மும்மூன்று புள்ளிகள். 240 என்ற பழைய கணக்கைச் சற்றே தளர்த்தி, ஒரு டவர் பவுண்டு (கம்மட்டத்தின் எடை அளவு) வெள்ளியில் 243 பென்னி அடித்தார்கள். ஒரு காசின் எடை ஏறத்தாழ 1.44 கிராம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் பின்பக்க எழுத்துகளில். 300 ஆண்டுகளாக அங்கே இருந்த மனிதப் பெயர் காணாமல் போனது. ‘லண்டன் நகரம்’, ‘கேன்டர்பரி நகரம்’ என்று ஊர் மட்டும் லத்தீனில் நின்றது. விதிவிலக்கு ஒன்று: பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக் கம்மட்டத்தின் ராபர்ட் டி ஹேட்லி தன் பெயரைத் தொடர்ந்து பொறித்தார். அவரோடு அந்த மரபு முடிந்தது.

பெயர் போனால் பொறுப்பு யாருக்கு? தலைமைக் கம்மட்டக்காரர் ஒருவர் அரசோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அடித்த காசுகளில் குறிப்பிட்ட பங்கைப் பூட்டிய பெட்டியில் போட்டு வைத்து, பின்னர் அவரல்லாத நடுவர்கள் முன்னால் எடையையும் மாற்றையும் சோதித்தார்கள். பெட்டிக்கு ‘பிக்ஸ்’ என்று பெயர். 1282-இல் ஆணையாகப் பதிவான அந்தச் சோதனை இன்றும் ஆண்டுதோறும் லண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் நடக்கிறது. வலக்கையை அறுக்கும் அச்சம் சாதிக்காததை, பூட்டிய ஒரு பெட்டி சாதித்தது. காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

சேகரிப்பவருக்கு மட்டும் வேலை கூடியது. முதலாம் எட்வர்ட், அவர் மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர். காசிலுள்ள முகமும் ஒரே முகம். அது எவருடைய சாயலும் அல்ல. இரு புறமும் அலைபாயும் முடியோடு எழுதிய ஒரு பொது முகம். தொடக்க விதி எழுத்தெண்ணிக்கையில் இருக்கிறது. எட்வர்ட் என்ற ஆறெழுத்துப் பெயரில் முதல் மூன்றெழுத்து மட்டும் இருந்தால் பெரும்பாலும் முதலாம் எட்வர்ட். ஏறத்தாழ 1301-இல் ஆறெழுத்தும் வருகிறது, பின் ஐந்தாகிறது, பின் நான்காகிறது. நான்கெழுத்துப் பெயர் இரண்டாம் எட்வர்ட் காலம் முழுதும் நீடிக்கிறது. இந்த விதி வாசல் வரை கொண்டுவிடும்; உள்ளே போகக் கிரீடத்தின் இதழ்வடிவத்தையும் எழுத்துகளின் உடைசலையும் பார்க்க வேண்டும். ஃபாக்ஸ் சகோதரர்கள் இருவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் காசுகளைப் 15 வகுப்புகளாகப் பிரித்துத் தந்த வரிசைதான் இன்றைக்கும் அடிப்படை.

டர்ஹம் காசுகளில் பொறுப்பாளி அடையாளமாகத் திரும்பி வந்தார். அங்கே காசடிக்கும் உரிமை ஆயருக்கு. ஆயர் பெக் காலத்துக் காசில் நுனி இரண்டாகப் பிளந்து வளைந்த சிறு சிலுவை. அடுத்து வந்த கெல்லாவின் காசில் சிலுவையின் ஒரு கை ஆயரின் வளைதடியாக முடியும். பியூமான்ட்டின் காசில் ஒரு சிங்கம். அடையாளத்தைப் படித்தால் ஆண்டுகள் தாமாக விழும்.

ஒரே குவியலில் அயலார் காசும் கலந்து வரும். முகத்தைச் சுற்றி முக்கோணம் இருந்தால் அயர்லாந்தில் அடித்தது. முகம் பக்கவாட்டில் திரும்பி, பின்பக்கத்தில் விண்மீன்கள் இருந்தால் ஸ்காட்லாந்து. கிரீடத்துக்குப் பதிலாக ரோஜா மாலை இருந்தால் எச்சரிக்கை! பிளாண்டர்ஸ் போன்ற பகுதிகளின் பிரபுக்கள் ஆங்கிலப் பென்னியைப் பார்த்து அடித்த போலிச் சாயல் அது. அவர்கள் தம் பெயரைத்தான் பொறித்தார்கள். ஆனால் எழுத்தறியாதவர் கண்ணுக்கு அது ஆங்கிலக் காசுதான். எட்வர்ட் 1299 கிறிஸ்துமஸ் முதல் அவற்றை அரைப் பென்னிக்கு மட்டும் செல்லும் என்றார். 1300 ஈஸ்டருக்குப் பின் அவை செல்லாக்காசு.

மண்ணிலிருந்து மேசைக்கு

இத்தனை காசுகள் நம் காலம் வரை வந்தது எப்படி? பயத்தில் புதைத்தவர்கள் திரும்பி வராததால். 1831-இல் டட்பரி கோட்டை அருகே டவ் ஆற்றுப் படுகையைத் தோண்டியவர்கள் கண்ட புதையலில் சுமார் 3,60,000 வெள்ளிக் காசுகள் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1322-இல் அரசரை எதிர்த்துத் தோற்று ஓடிய லங்காஸ்டர் பிரபு தாமஸின் பணம் அது என்பது பரவலான கருத்து. கோல்செஸ்டர் நகரின் பிரதான வீதியில் 1902-இல் 10,000-க்கு மேலும், 1969-இல் 14,000-க்கு மேலும் ஈயப் பாத்திரங்களில் பென்னிகள் கிடைத்தன. குறுஞ்சிலுவை, நெடுஞ்சிலுவை வரிசைகள் தெளிவானதில் இத்தகைய புதையல்களுக்குப் பெரும் பங்குண்டு.

இன்று பெரும்பாலான காசுகளைக் கண்டெடுப்பவர்கள் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடக்கும் ஆர்வலர்கள். 1996-இல் இயற்றிய புதையல் சட்டப்படி, 300 ஆண்டு கடந்த வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் 14 நாளில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசுக்கு அந்தக் கட்டாயமில்லை. அதற்காகவே 1997-இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில், விருப்பத்தோடு வந்து காட்டுகிறவர்களின் கண்டெடுப்புகளைப் படமெடுத்து, எடை பார்த்து, கிடைத்த இடத்தோடு எழுதி வைக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் எந்தக் கிராமத்தில் சந்தை கூடியது, எந்தப் பாதையில் கம்பளி வணிகர் நடந்தார் என்பதெல்லாம் வரைபடத்தில் இட்ட அந்தப் புள்ளிகளிலிருந்து தெரிய வருகிறது.

ஆகவே சேகரிக்க விரும்பும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. காசைத் தேய்க்காதீர்கள், 700 ஆண்டில் படிந்த கருமை அதன் தோல். புளியும் பற்பொடியும் குத்துவிளக்கோடு இருக்கட்டும். இரண்டாவது, எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது என்ற சீட்டைக் காசைப்போலவே காப்பாற்றுங்கள். சீட்டு தொலைந்த காசு ஊர்ப்பெயர் வெட்டுப்பட்ட காசு.

என் அரைக்காசோடு அப்படியொரு சீட்டு வரவில்லை. எந்த வயலில் எழுந்தது என்று சொல்ல ஆளில்லை. நேற்றிரவு ஒரு சிறிய அட்டையை வெட்டி எழுதினேன்: மூன்றாம் ஹென்றி, நெடுஞ்சிலுவை, வெட்டிய அரை, கம்மட்டக்காரர் நிகோலே. ‘ஊர்’ என்ற இடத்தில் லண்டன் என்று எழுதக் கை போனது. லண்டன் காசுகள்தான் மிகுதி, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த எழுத்துகள் என் காசில் இல்லை. அங்கே ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு, அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி என் பெயரை எழுதினேன்.

(அடுத்த இதழில்: 1351-இல் மீண்டும் வந்து நிலைபெற்ற நாலு பென்னிக் காசு ‘குரோட்’, ஹென்றி பெயர் தாங்கிய காசுகளை வரிசைப்படுத்த உதவும் வளையமும் ரோஜாவும் இலையும்.)

தொடரும்